மணிக்கட்டில் இரண்டு அழுத்தல்

ஷாம் ஷுய் போ, ஹாங்காங்
மார்ச் 4, 2018

கிங் அக்காவுக்கு,

இதை எழுதுவது டாம் கம்-வா, நீங்கள் வா என்று கூப்பிடுவீர்களே, அந்த வா. யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நானே எழுதுகிறேன்.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். நாடகப் பள்ளியில் நமக்குக் கரணம் போடக் கற்றுத் தந்தார்கள், கைகளால் நடக்கக் கற்றுத் தந்தார்கள், எழுத்து மட்டும் தரவில்லை. என் அம்மா யாரையோ பிடித்து எழுதி அனுப்பும் கடிதங்களை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டுவீர்கள். உங்கள் அப்பா உங்களைப் பள்ளியில் கொண்டுவந்து விடும் முன்பே எழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தார். நீங்கள் என்னைவிட வயதில் சிறியவர். ஆனால் எனக்கு முன் பள்ளியில் சேர்ந்தவர், அதனால் அக்கா. எனக்கு எழுபத்து நான்கு வயதாகிவிட்டதால் அது மாறாது.

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் முதியோர் மையம் இருக்கிறது. அங்கே மிஸ் ஹோ என்ற பெண் எழுத்து வகுப்பு நடத்துகிறாள். முதல் வரிசையில் நானும் லியூங் அம்மாவும். நான் பென்சிலைப் பிடிப்பதைப் பார்த்து அந்த அம்மாள் சொல்வாள், "சண்டைக்காரரே, மெதுவா! அது என்ன ஈட்டியா? தாள் செத்துப்போகும்." இப்போது நான் பேருந்தின் நெற்றியைப் படிக்கிறேன். கடைப் பலகைகளைப் படிக்கிறேன். வருடக்கணக்காக நான் சோயா சாஸ் என்று வாங்கி வந்தது சிப்பிச் சாறு என்று போன மாதம்தான் தெரிந்தது. நன்றாகத்தான் இருந்தது.

விஷயத்துக்கு வருகிறேன். பழைய படங்களைப் பாதுகாக்கும் நிலையத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். உங்கள் முகவரியைக் கொடுத்ததும் அவர்கள்தான். நாம் வேலை செய்த அந்தத் தேநீர்க்கடைப் படத்தைக் கழுவித் துடைத்துப் புதிதாக்கிவிட்டார்களாம். செப்டம்பரில் திரையிடுகிறார்கள். அன்று உயிரோடு இருக்கும் ஸ்டண்ட்காரர்கள் ஒவ்வொருவராக மேடையேறி, தங்களுக்குப் பிடித்த சண்டை எது, ஏன் என்று பேச வேண்டும். "உங்களுக்கு எது பிடிக்கும் தாத்தா?" என்று கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. மாடிப்படிச் சண்டை என்றேன். நீங்கள் கதாநாயகிக்கு டூப், நான் வில்லனின் ஆள்.

எனக்குப் போட்டுக் காட்டினார்கள். கடைசியில் பெயர்கள் ஓடின. முன்பெல்லாம் பெயர் வந்தால் எழுந்து போய்விடுவேன், எனக்கு அவை எறும்பு வரிசை. இந்த முறை, "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்திவிட்டேன். டாம் கம்-வா. அதற்குப் பக்கத்தில் பூன் சாவ்-கிங். விரலால் திரையைத் தொட்டுப் படித்தேன்.

வெளியே வந்து தெருமுனைக் கடையில் மண்சட்டிச் சோறு சாப்பிட்டேன். அடுப்பிலிருந்து இறக்கிய சட்டியை இடது கையாலேயே அணைத்து எடுத்து வந்தேன். கடைக்காரன் வழக்கம்போல், "ஐயோ தாத்தா, வெந்துடும்!" என்றான். "இது ஸ்டண்ட் கைடா" என்றேன். மகிழ்ச்சியில் இரண்டு சட்டி சாப்பிட்டேன்.

அக்கா, நீங்கள் வர வேண்டும். நான் மட்டும் ஏறினால் அந்த மேடையில் பாதிச் சண்டைதான் நிற்கும்.

தம்பி வா


ஸ்கார்பரோ, டொராண்டோ
மார்ச் 26

வா,

உன் எழுத்து கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கிறது. ஆனால் படிக்க முடிகிறது. உன் அம்மா இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அவளுக்காக இதை எழுதுகிறேன்.

அந்தப் படத்தை நான் பார்த்ததில்லை. வெளிவந்தபோது இங்கே தையல் தொழிற்சாலையில் காலர் தைத்துக்கொண்டிருந்தேன். பிறகு சீன ரொட்டிக் கடையில் வேலை. பக்கத்தில் வீடியோ கடை வந்தது, அந்தப் படத்தின் அட்டை கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வருடம் இருந்தது. நான் எதிர் நடைபாதையில் போனேன்.

ஏன் என்று உனக்குத் தெரியாதது போல எழுதியிருக்கிறாய். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படிகளில் சண்டை முடிந்து மேலே வந்துவிட்டோம். நீ என்னைத் தூக்கி மாடிக் கைப்பிடிக்கு மேலாக எறிய வேண்டும். கீழே அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். என் வாயில் மூங்கில் கத்தி, பேச முடியாது. என் கை உன் இடது மணிக்கட்டில். தோல் பட்டைக்குள் இருந்து உன் பச்சிலைக் கட்டு நாறியது. எறியப்படுகிறவர் மணிக்கட்டை இரண்டு முறை அழுத்தினால், நான் தயார் என்று அர்த்தம். இரண்டு முறை அழுத்தினேன். நீ எறியவில்லை. மரம் மாதிரி நின்றாய். படச்சுருள் ஓடிக்கொண்டே இருந்தது. மறுபடி அழுத்தினேன். நீ நின்றாய்.

சண்டை மாஸ்டர் கோக் ஏணியிலிருந்து இறங்கி வந்தார்.

"அழுத்தினியா, இல்லையா?"

"அழுத்தினேன் மாஸ்டர். ரெண்டு ரெண்டா, ரெண்டு தடவ."

"வா, நீ சொல்லு."

"அவங்க அழுத்தல மாஸ்டர்."

அவ்வளவுதான். இன்னொரு முறை எடுக்கலாம் என்று கெஞ்சினேன். "பயந்த ஆள மாடியிலிருந்து தள்ளி நான் ஜெயிலுக்குப் போகவா?" என்றார். யாரோ ஒருவன் சிரித்தான். "கீழ எட்டிப் பாத்திருக்கும் பாப்பா." என் தலையிலிருந்து பொய்முடியைக் கழற்றி உன் தலையில் வைத்தார்கள். உன் இடத்தில் ஸ்டண்ட்காரன் லாம் நின்று உன்னை எறிந்தான். அந்த விழுதலைப் பார்த்து உலகம் கைதட்டியதாகக் கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு என்னை யாரும் விழக் கூப்பிடவில்லை. உறைந்துபோனவள் என்று பெயர். விழாத டூப்புக்கு என்ன வேலை? அழுகிற கூட்டத்தில் நிற்கச் சொன்னார்கள். ஊரை விட்டு வந்தேன்.

நான் வருகிறேன். ஒரே நிபந்தனை. அந்த மேடையில், எல்லார் முன்னாலும், "அக்கா அழுத்தினார்" என்று நீ சொல்ல வேண்டும்.

பூன் சாவ்-கிங்


ஷாம் ஷுய் போ
ஏப்ரல் 15

கிங் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது என்னால் படிக்க முடிந்தது. அதுதான் சிரமம். முன்பென்றால் யாராவது படிப்பார்கள், கடுமையான இடத்தில் குரலைத் தாழ்த்துவார்கள். எழுத்துக்குக் குரல் தாழவில்லை. உறைந்துபோனவள் என்ற இடத்தில் வெகுநேரம் நின்றேன். அப்படி உங்களைச் சொன்னார்கள் என்று தெரியும். நீங்கள் அதை ரொட்டிக் கடைவரை சுமந்து போனீர்கள் என்று தெரியாது.

முதலில் சண்டையைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் நீங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்க்காதது அநியாயம்.

கம்பியில் பறக்கும் சண்டைகள் எனக்குப் பிடிக்காது. எடையில்லாதவன் அடித்தால் யாருக்கு வலிக்கும்? இருபது பேரை ஒருவன் அடிக்கும் சண்டைகளும் பிடிக்காது. நானே அந்த இருபதில் ஒருவனாக, எனக்கு முன்னாலிருப்பவன் விழும்வரை பின்னால் நின்று கோடரியை ஆட்டியிருக்கிறேன். நம் சண்டையில் இரண்டே பேர். கீழ்ப்படியிலிருந்து மேல்வரை ஒரே ஓட்டம், கேமரா நடுவில் நிற்கவே இல்லை. நடுப்படியில் பரிசாரகனின் தட்டிலிருந்து தேநீர்க் குவளை சரிகிறதே, ஞாபகம் இருக்கிறதா? அது ஒத்திகையில் இல்லாதது. என் முழங்கை பட்டுவிட்டது. நீங்கள் என் குத்தைக் கையால் தடுத்துக்கொண்டே, காலால் குவளையை ஏந்தித் தட்டிலேயே வைத்தீர்கள். நிறுத்தவில்லை. பெரிய திரையில் பாருங்கள், வில்லனின் ஆள் சிரிக்கிறான். அவ்வளவு அடி வாங்கிக்கொண்டு பல்லைக் காட்டுகிறான். அது நடிப்பில்லை. அது நான். என் வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எந்த வேலையிலும் வந்ததில்லை. அதனால்தான் அது எனக்குப் பிடித்த சண்டை. விழுதல் எனக்குப் பிடிக்காது. விழுதல் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன்.

இப்போது நிபந்தனை. அக்கா, அதை என்னால் சொல்ல முடியாது.

அழுத்தாத ஆளை எறியக் கூடாது. இந்த விதியை எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கள்தான், பள்ளிக் கூரையில், ஈரத் துணிகள் காய்ந்த இடத்தில். "ரெண்டு வரணும். ஒண்ணு வந்தாலும் எறியாத. நான் திட்டினாலும் எறியாத." அன்று நான் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. எறிந்திருந்தால், நீங்கள் தயாராக இல்லாமல் போயிருந்தால், உங்கள் கழுத்து? மாஸ்டர் கேட்டார். உள்ளதைச் சொன்னேன். காசுக்காக ஆயிரம் தடவை செத்திருக்கிறேன், செத்தவனாக நடித்துச் சோறு தின்றிருக்கிறேன். ஆனால் இதில் பொய் சொன்னால், இனி எந்த மணிக்கட்டுக்கு என்ன அர்த்தம்?

வேறு எது வேண்டுமானாலும் கேளுங்கள்.

தம்பி வா


டொராண்டோ
மே 2

வா,

வேறு எதுவும் வேண்டாம். எனக்கு எழுதாதே. பேருந்துப் பலகைகளைப் படித்துக்கொண்டிரு.

கிங்


ஷாம் ஷுய் போ
ஜூன் 3

கிங் அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். பள்ளியிலும் நீங்கள் சொன்னதையெல்லாம் நான் கேட்டதில்லை.

மிஸ் ஹோ வகுப்பில் ஒரு பயிற்சி கொடுத்தாள். வேலை செய்த நாட்களில் ஒரு நாளைப் பற்றி எழுத வேண்டும். லியூங் அம்மா பிளாஸ்டிக் பூத் தொழிற்சாலையைப் பற்றி எழுதினாள். நான் அந்த நாளை எழுதினேன். நான் எவ்வளவு மெதுவாக எழுதுவேன் என்று உங்களுக்குத் தெரியாது. லியூங் அம்மா ஒரு பக்கம் முடிப்பதற்குள் நான் ஒரு வரியில் இருப்பேன். "தூங்கிட்டீங்களா சண்டைக்காரரே?" என்பாள்.

"அக்கா அழுத்தவில்லை" என்று எழுதினேன். எழுதிவிட்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாயால் சொன்னபோது அது ஒரு மூச்சில் போய்விட்டது. தாளில் அது போகாமல் நின்றது. அதில் இருப்பது யார் என்று பார்த்தேன். நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் கை இருக்கிறது. நான் இல்லை. நான் எப்படி உங்கள் கைக்குள் புகுந்து பார்த்தேன்? என் தோலுக்கு இந்தப் பக்கம் நடந்ததுதானே எனக்குத் தெரியும்?

அழித்தேன். தாள் கொஞ்சம் கிழிந்தது. "அழுத்தியது எனக்குத் தெரியவில்லை" என்று எழுதினேன். இதில் நான் இருக்கிறேன். இது வேறு வாக்கியம், அக்கா. மாஸ்டர் கேட்டபோது இதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். இதைச் சொல்லியிருந்தால் அவர் இன்னொரு முறை எடுத்திருப்பாரோ என்னவோ. அன்று எனக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மேடையில் இதைச் சொல்வேன். நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். இதற்கு மேல் சொல்ல என்னிடம் உண்மை இல்லை.

அந்தப் பயிற்சித் தாளையே இதனுடன் வைக்கிறேன். மிஸ் ஹோ அதில் சிவப்புப் பேனாவால் ஒரு பூ போட்டிருக்கிறாள்.

தம்பி வா


டொராண்டோ
செப்டம்பர் 30

வா தம்பி,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இங்கே இலைகள் சிவக்கத் தொடங்கிவிட்டன. நீ பெட்டியில் திணித்த வாத்து சுங்கத்தில் பறிபோனது. வாத்தைப் பற்றி இனி பேச வேண்டாம்.

நான் ஏன் ஹாங்காங்குக்குக் கிளம்பி வந்தேன் என்று விமான நிலையத்தில் கேட்டாய். உன் பயிற்சித் தாள்தான். நீ அழித்த இடத்தில் பழைய வாக்கியமும் தடமாகத் தெரிந்தது. அழுத்தி அழுத்தி எழுதியிருந்தாய். பிறகு அதே அழுத்தத்தோடு அழித்திருந்தாய். பொய் சொல்கிறவன் இவ்வளவு பாடுபட மாட்டான் என்று தோன்றியது. ஆனால் நானும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் அன்று என்னதான் நடந்தது? அதைத் தெரிந்துகொள்ளாமல் சாகக் கூடாது என்று டிக்கெட் வாங்கினேன்.

படத்தைப் பார்த்தேன். பக்கத்தில் நீ கண்ணை மூடிக்கொண்டதையும் பார்த்தேன். நான் மூடவில்லை. நன்றாகத்தான் விழுந்திருக்கிறாய். வலது தோளைக் கொஞ்சம் சீக்கிரம் மடக்கிவிட்டாய். குவளைக்கு அரங்கம் முழுதும் கைதட்டியபோது, அந்தக் கால் யாருடையது என்று எனக்கே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அப்படி ஒரு பெண் இருந்தாள். அவளை நான் வெகுநாளாகப் பார்க்கவில்லை.

மேடையில் நீ சொல்வதாகச் சொன்னதைச் சொன்னாய். "அக்கா அழுத்தலன்னு அன்னிக்கு சொன்னேன். அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. எனக்குத் தெரியலன்னு மட்டும்தான் சொல்லியிருக்கணும்." கூட்டத்துக்குப் பாதி புரியவில்லை. எனக்குப் புரிந்தது. போதும் என்று நினைத்தேன்.

பிறகு நடந்ததை நீ கவனிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

மேடையிலிருந்து இறங்கும் படிகளில் வெளிச்சம் இல்லை. நீ இடது கையை நீட்டினாய். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். என் முழங்கால் வலி உனக்குத் தெரியும், முதல் படிக்கு முன்னால் தயங்கினேன். பிறகு தயாரானேன். யோசிக்காமலேயே என் விரல்கள் இரண்டு முறை அழுத்தின. பள்ளிக் கூரையில் பழகிய கை, அதற்கு வயதே ஆகவில்லை.

நீ நகரவில்லை.

மறுபடி இரண்டு முறை அழுத்தினேன். இந்த முறை வேண்டுமென்றே, நகம் பதிய.

நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். "அவசரமில்லக்கா. எப்ப இறங்கலாம்னு நீங்க சொல்லுங்க."

அன்று நீ எனக்குப் பின்னால் நின்று தூக்கியிருந்தாய். உன் முகம் எனக்குத் தெரியவில்லை. ஒரு கோணல் சிரிப்போடு நின்றிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். இவ்வளவு வருடமும் அந்தச் சிரிப்போடுதான் சண்டை போட்டேன். அன்றைய முகம் இதுதான், இல்லையா? நான் தயாராகும்வரை, பொழுது விடியும்வரை என்றாலும் காத்திருக்கப்போகிற முகம்.

மறுநாள் மண்சட்டிச் சோற்றுக் கடையில் கொதிக்கிற சட்டியை இடது கையால் அணைத்து எடுத்து வந்தாய். மணிக்கட்டின் உட்புறம் சட்டியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நீ மிஸ் ஹோ போட்ட பூவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாய். நான் அந்த இடத்தை சாப்ஸ்டிக் நுனியால் குத்தினேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தம்பி, அன்று உன் மணிக்கட்டில் இருந்த பச்சிலைக் கட்டு நினைவிருக்கிறதா? அந்த வாரம் நீ இரண்டு படங்களில் வேலை செய்தாய். இன்னொரு படத்தில் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டில் அடிபட்டு, எலும்பு வைத்தியரிடம் பச்சிலை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தாய். நம்மில் பாதிப்பேர் அப்படித்தான் வந்தோம், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எந்த நாளிலிருந்து அந்த இடம் செத்துக் கிடக்கிறது?

அங்கேயே கேட்டிருக்கலாம். நாற்பது வருடம் வைத்திருந்த கோபம் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. அதை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் ஊருக்கு வந்துவிட்டேன்.

அக்கா


ஷாம் ஷுய் போ
அக்டோபர் 18

கிங் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வகுப்புக்கு எடுத்துப் போனேன். மிஸ் ஹோவிடம் கையை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டேன். "நான் சொல்லும்போது அழுத்தும்மா" என்றேன். சொன்னேன். காத்திருந்தேன்.

"எப்ப அழுத்தப் போற?"

"அழுத்திட்டேன் தாத்தா."

"இன்னொரு தடவ."

"ரெண்டு தடவ அழுத்திட்டேன் தாத்தா."

கண்ணைத் திறந்தபோது லியூங் அம்மா என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் ஹோ பென்சிலால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டாள். கட்டைவிரலுக்குக் கீழே தொடங்கி மணிக்கட்டின் உட்புறம்வரை, ஒரு குவளை மூடி அளவு. அங்கே சூடு தெரியவில்லை, ஐஸ் தெரியவில்லை. இவ்வளவு நாளும் அதைக் காட்டிப் பெருமை அடித்திருக்கிறேன். ஸ்டண்ட் கை என்று.

குதிரையிலிருந்து விழுந்த பிறகுதான் என்று நினைக்கிறேன். கட்டு இருந்தவரை வலிக்கவில்லை, பச்சிலையின் குணம் என்று நினைத்தேன். பிரித்த பிறகு மறந்துவிட்டேன். தொட்டது தெரியாத இடத்தை எப்படி நினைவு வைத்துக்கொள்வது?

உங்கள் கை அழுத்தியது. என் கைக்குக் கேட்கவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பயப்படவில்லை. இதற்காக நீங்கள் பனியில் காலர் தைத்தீர்கள். நான் இதை எழுதும்போது நிறுத்தி நிறுத்தித்தான் எழுதுகிறேன், எழுத்து தெரியாததால் அல்ல.

நேற்று சுங் யியுங், கல்லறைகளுக்குப் போகும் நாள். கோக் மாஸ்டரின் சாம்பல் மலைமேல் இருக்கும் மாடத்தில் இருக்கிறது. வருடா வருடம் போவேன், ஆனால் எது அவர் என்று காவலாளியைக் கேட்பேன். இந்த முறை பெயர்களைப் படித்துக்கொண்டே போனேன். மூன்றாவது வரிசையில் லாமைப் பார்த்தேன், அவனுக்கு ஓர் ஆரஞ்சு வைத்தேன். பிறகு மாஸ்டர். வறுத்த பன்றியும் ஒரு கோப்பை மதுவும் வைத்தேன். ஊதுபத்தியை வலது கையால் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை நன்றாக இருக்கிறது அக்கா, அடுத்த முறை படியிறங்கும்போது அதைப் பிடியுங்கள்.

"மாஸ்டர்," என்றேன், "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு பதில் சொல்ல வந்திருக்கேன். அவங்க அழுத்தினாங்க."

பக்கத்து மாடத்துக்கு வந்திருந்த குடும்பம் தட்டோடு திரும்பிப் பார்த்தது. மாஸ்டருக்குக் கடைசிக் காலத்தில் காது சரியாகக் கேட்காது. அதனால் இன்னொரு முறை, உரக்கச் சொன்னேன்.

தம்பி வா